புஸ் ஸ்டாப்பில் நிற்பவர் எந்த ஊர்?

அன்புள்ள சார்,

நான் திருச்சிக்காரி. ஒன்றரை வருடமாக வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியின் லீட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் படித்த ஆங்கிலம் வேறு, இங்கே காதில் விழுகிற ஆங்கிலம் வேறு என்பது வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. பஸ்ஸை 'புஸ்' என்கிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு ஆங்கிலேயப் பெண், ஃபோன் சார்ஜர் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். கட்டிலில் படுத்திருந்த 87 வயதுப் பாட்டி கண்ணைக்கூடத் திறக்காமல், "நீ ஹல்தானே?" என்றார். ஹல் என்பது இதே யார்க்‌ஷயரில் ஒரு ஊர், அவளும் அந்த ஊரேதான்! ஆனால் அதே பாட்டிக்கு என்னையும் பஞ்சாபிலிருந்து வந்திருக்கும் இன்னொரு நர்ஸையும் பேச்சை வைத்துப் பிரிக்கத் தெரியவில்லை. பேசுவதை வைத்து ஊரை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா, இல்லை குருட்டாம்போக்கில் அடித்தாரா? அப்புறம், நான் என் ஆக்சென்ட்டை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

ம., லீட்ஸ்

அன்புள்ள ம.,

பாட்டி குருட்டாம்போக்கில் அடிக்கவில்லை. 'ஃபோன்' என்ற ஒரு சொல் போதும் அவருக்கு. ஹல்காரர்கள் அந்த 'ஓ'வை ஓவாகச் சொல்ல மாட்டார்கள், கிட்டத்தட்ட 'ஃபர்ன்' என்று வரும் (அந்த 'ர்' வாயில் வராது, தமிழில் எழுதிக்காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை). ரோடும் அப்படித்தான், ஸ்னோவும் அப்படித்தான். யார்க்‌ஷயரின் மற்ற ஊர்க்காரர்கள் ஹல்காரரைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். லீட்ஸுக்கும் ஹல்லுக்கும் நடுவே 60 மைல்தான் இருக்கும். அந்தப் பெண் பாவம், சார்ஜர் கேட்க வந்து ஊரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

புஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள், நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் கப், சன், லவ் எல்லாவற்றையும் ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க அந்த உகரத்தோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே அது மெல்ல அகரத்தின் பக்கம் சாய்ந்தது, வடக்கு அசையவில்லை. ஆக, பாட்டியின் உச்சரிப்புதான் மூத்தது, லண்டன்காரருடையது (அவர் வழியாக நமக்கு வந்ததும்) பிற்பாடு முளைத்தது. பஸ் என்ற சொல்லே 19ஆம் நூற்றாண்டில் ஆம்னிபஸ்ஸின் வாலை வெட்டி எடுத்தது, ஆனாலும் வடக்கே போனதும் பழைய வரிசையில் போய் நின்றுகொண்டது. 'ர்' கதையும் இதேதான். லண்டன்காரர் 'கா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், தென்மேற்கே சாமர்செட் விவசாயி பழையபடி 'கார்' என்று ரகரத்தைச் சுருட்டிச் சொல்வார். எழுத்தில் இருக்கிறதே என்று 'கார்', 'மதர்' என அழுத்திச் சொல்லும் நாமும் சாமர்செட் விவசாயியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி!

உங்கள் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஆர்ட்டன் என்ற பேராசிரியர் 1950இலிருந்து 1961 வரை இங்கிலாந்து முழுக்க 313 இடங்களுக்கு ஆள் அனுப்பிப் பேச்சைப் பதிவுசெய்தார். பெரும்பாலும் பிறந்த ஊரை விட்டு எங்கேயும் போகாத வயசாளிகளாகப் பார்த்துப் பிடித்தார்கள். கேள்விகள் மட்டும் 1300க்கு மேல். கேட்கும்போது சொல்லை இவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது, பொருளைக் காட்டியோ சுற்றிவளைத்துச் சொல்லியோ எதிராளியின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். மாடு கட்டுகிற இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் லங்காஷயரில் 'ஷிப்பன்', மேற்கு யார்க்‌ஷயரில் 'மிஸ்டல்', இன்னும் வடக்கே போனால் 'பயர்'. மாட்டுத்தொழுவம் இப்போது யாருக்கும் வேண்டாம், ஆனால் அதே வேலையை இன்று பன் ரொட்டி செய்கிறது. மான்செஸ்டரில் 'பார்ம்', யார்க்‌ஷயரில் 'பிரெட்கேக்', நாட்டிங்காமில் 'காப்', கவென்ட்ரியில் 'பேட்ச்'. ஊர் மாறிப்போய்ப் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார்.

அந்தக் களப்பணியில் அதிக ஊர்களைச் சுற்றியவர் ஸ்டான்லி எல்லிஸ். இவர் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1970களின் பிற்பகுதியில் உங்கள் லீட்ஸையும் பக்கத்து பிராட்ஃபோர்டையும் ஒரு கொலைகாரன் நடுங்க வைத்துக்கொண்டிருந்தான், பத்திரிகைகள் அவனுக்கு 'யார்க்‌ஷயர் ரிப்பர்' என்று பெயர் வைத்திருந்தன. 1979 ஜூனில் விசாரணை அதிகாரிக்கு ஒரு கேசட் வந்தது. "நான் ஜாக்" என்று தொடங்கி, உன்னால் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று நக்கலடிக்கும் ஒரு ஆண் குரல், நிதானமாக, வடகிழக்கு இங்கிலாந்தின் வாடையோடு. போலீஸ் எல்லிஸைக் கூப்பிட்டது. வெளியாளுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு மொத்தமும் ஒன்றுதான், 'ஜார்டி' என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். ஆனால் நியூகாசில்காரர் 'ஹேப்பி'யில் இருக்கும் ஹகரத்தை விடமாட்டார், பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் சண்டர்லாண்ட்காரர் வாயில் அது அடிக்கடி உதிர்ந்து 'ஆப்பி' ஆகிவிடும். இந்த மாதிரி நுணுக்கங்களைக் கேட்டுக் கேட்டு, சண்டர்லாண்டுக்கே போய் ஆட்களைப் பேசவைத்துப் பார்த்து, எல்லிஸ் கடைசியில் வியர் ஆற்றங்கரையில் காசில்டவுன் என்ற சின்னப் பகுதியில் விரலை வைத்தார்.

அவர் விரல் வைத்த இடம் சரி. 26 வருடம் கழித்து, 2005இல், கேசட் ஆசாமி அனுப்பியிருந்த பழைய கடிதத்தின் உறை ஒன்றில் ஒட்டியிருந்த எச்சிலின் டிஎன்ஏவை வைத்து ஒருவரைப் பிடித்தார்கள். சண்டர்லாண்ட்காரர், குடியிருந்தது காசில்டவுனுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில். இதைப் படித்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால் அவர் கொலைகாரன் இல்லை. வெறும் போலி, குடித்துவிட்டு வம்புக்குச் செய்த வேலை. 2006இல் 8 வருடம் சிறை கிடைத்தது. உண்மையான ஆள் பீட்டர் சட்க்ளிஃப், பிங்லியில் பிறந்து பிராட்ஃபோர்டில் குடியிருந்த லாரி டிரைவர், உங்கள் பக்கத்து ஆள், பேச்சும் உங்கள் பக்கத்துப் பேச்சு. போலீஸ் அவனிடம் மொத்தம் ஒன்பது முறை பேசியிருக்கிறது. கேசட் வந்த பிறகு, வடகிழக்குக் குரல் இல்லாதவர்களைக் கழித்துக்கட்ட ஆரம்பித்தார்கள், இவனும் தப்பினான். 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் தற்செயலாக மாட்டுவதற்குள் இன்னும் மூன்று பெண்களைக் கொன்றுவிட்டான், மொத்தம் 13 பேர். எல்லிஸும் அவரோடு வேலைசெய்த ஜாக் வின்ட்சர் லூயிஸும், இந்தக் குரல்காரன்தான் கொலைகாரன் என்று வைத்துக்கொண்டு யாரையும் ஒதுக்காதீர்கள் என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவன் எங்கே வளர்ந்தவன் என்ற கேள்விக்குக் குரல் பதில் சொன்னது, இவன் என்ன செய்தவன் என்ற கேள்விக்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதே தப்பைச் சின்ன அளவில் தினமும் செய்கிறார்கள். ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரெட் பிக்கில்ஸ் 1941இல் பிபிசியில் செய்தி வாசித்து, முடிக்கும்போது வடக்கத்தி பாணியில் 'குட் நைட்'டை 'குட் நீட்' என்று சொல்லி விடைபெற்றபோது முகம் சுளித்தவர்கள் உண்டு, இந்தக் குரலில் வந்தால் செய்தி செய்தி மாதிரி இல்லையாம். அதுவரை கேட்டுப் பழகிய பிபிசிக் குரலை வைத்து ஆளின் ஊரைச் சொல்லிவிட முடியாது, அந்தக் குரலின் பெருமையே அதுதான். ஆனால் காசு கட்டிப் படித்த பள்ளிக்கூடத்தை அது மறைக்காது.

சரி, உங்கள் ஆக்சென்ட். பாட்டி உங்களையும் பஞ்சாபிப் பெண்ணையும் பிரிக்க முடியாமல் விழித்தாரே, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர் காது யார்க்‌ஷயரில் வளர்ந்த காது, ஹல்லுக்கு அதில் தனி அறை இருக்கிறது, இந்தியாவுக்கு மொத்தமாக ஒரு கூடம். நீங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசினால் எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் ஹல் பெண்ணையும் லீட்ஸ் பெண்ணையும் எதிரில் நிறுத்தினால் நான்தான் திருதிருவென்று விழிப்பேன். மாற்றவெல்லாம் வேண்டாம். மருந்தின் பெயரும் அளவும் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, தெளிவாகச் சொல்லுங்கள், நம் வேகத்தில் சொன்னால் அவர்களுக்குப் பிடிபடாது. மற்றபடி திருச்சி இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போனால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து 'புஸ்' என்று சொல்லத்தான் போகிறார்கள், அன்றைக்குத் திட்டாதீர்கள்.

ஒரு உதவி. அந்தப் பாட்டி சின்ன வயதில் பன் ரொட்டியை என்ன பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார் என்று விசாரித்து எழுதுங்கள். 'பிரெட்கேக்' என்றால் சரி. 'டீகேக்' என்று சொன்னால், அதில் உலர்திராட்சை உண்டா இல்லையா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், அந்தப் பக்கத்தில் அதற்கே சண்டை போடுவார்கள்.