தராசுக்கு மேலே ஒரு வசனம்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம், விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஓர் ஏஜென்ட்டிடம் எடை போடும் வேலை பார்க்கிறேன். சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். தராசுக்கு மேலே பைபிள் வசனம் ஒட்டியிருக்கிறேன். விவசாயிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் தினமும் காலையில் வசனம் அனுப்புகிறேன். மூட்டைக்கு மூன்று கிலோ ‘ஈரம்’ என்று கழித்து எழுதுவது முதலாளி வைத்த வழக்கம். போன வாரம் ஒரு படுகர் அம்மா, “தம்பி, உங்கள் வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வெயிலில் ஈரம் எங்கிருந்து வந்தது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கிறிஸ்தவனாக வாழ்ந்து காட்டும் என் சாட்சி கெட்டுப்போயிற்றே என்று தூக்கம் வரவில்லை. வசனத்தை எடுத்துவிடலாமா?

பதில்: வசனத்தை எடுத்தாலும் மூன்று கிலோ குறைந்துகொண்டுதானே இருக்கும், தம்பி? கடிதம் முழுக்க உங்கள் சாட்சியைப் பற்றிய கவலைதான். அந்த அம்மாவின் இலையைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

ஒரு கிலோ தூளுக்கு நான்கு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பறிக்கிற கூலியும் உரமும் போக மிஞ்சுவதுதான் சிறு விவசாயியின் வருமானம். இலை விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. குறைந்தால் போராட்டம் நடக்கிறது, பத்திரிகையில் வருகிறது. எடை அப்படியல்ல. அதற்கு அவர்கள் நம்பியிருப்பது உங்கள் கையை.

மழையில் பறித்த இலையில் தண்ணீர் இருக்கும். அதைக் கழிப்பதில் தவறில்லை. ஆனால் பிப்ரவரி வெயிலிலும் ஜூலை மழையிலும் அதே மூன்று கிலோ என்றால் அதற்கு ஈரம் என்று பெயர் வைப்பது பொய். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்று இயேசு சொன்னது கோயிலில் பேசுவதற்கு மட்டுமல்ல, நீங்கள் எழுதும் சீட்டுக்கும்தான். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. (அந்த வசனத்தைக் காலண்டரில் அச்சடித்து யாரும் கொடுப்பதில்லை, கவனித்தீர்களா?)

முதலாளியிடம் தீர்க்கதரிசிபோலப் போய் நிற்காதீர்கள். தனியாக இருக்கும்போது, “அண்ணே, சீட்டில் மொத்த எடை, சாக்கு எடை, ஈரம், நிகர எடை என்று நான்கையும் தனித்தனியாக எழுதிவிடுகிறேன். வெறும் சாக்கை அவர்கள் முன்னாலேயே நிறுத்துவிடலாம். ஈரக்கழிவு மழை நாளில் மட்டும் இருக்கட்டும்” என்று கேளுங்கள். தராசின் எண் தெரிகிற பக்கத்தை விவசாயியைப் பார்த்துத் திருப்பி வைப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். இன்றே செய்யலாம். லாரி வந்துவிட்டது, இலை சூடேறுகிறது என்கிற அந்திநேர அவசரத்தில்தான் கணக்கு மங்கலாகும். அப்போதும் எண் அவர்கள் கண்ணில் படட்டும்.

அந்த அம்மாவிடம் நேரில் போய், “நீங்கள் கேட்டது நியாயம்” என்று சொல்லுங்கள். “முதலாளி சொன்னார், நான் என்ன செய்ய?” என்று கூடச் சேர்க்க வேண்டாம். வசனமும் வேண்டாம், குழுவில் செய்தியும் வேண்டாம். அவர் உங்களைச் சிறுமைப்படுத்தவில்லை. ஏமாற்றுகிறவன் என்று முடிவு கட்டியிருந்தால் பேசாமல் வேறு ஏஜென்ட்டிடம் போயிருப்பார்.

லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு நினைவிருக்கிறதா? அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். அவன் பிறகு எந்தக் கூட்டத்தில் சாட்சி சொன்னான் என்று லூக்கா எழுதவில்லை. உங்கள் மலையிலேயே ஒன்று பாருங்கள்: கேத்தியில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு 1846இல் வேலை தொடங்கியது, முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். இடையில் இருந்த பன்னிரண்டு வருடங்களில் ஊரார் பிரசங்கத்தை மட்டுமா கவனித்திருப்பார்கள்?

கழித்த கிலோவின் லாபம் உங்கள் பைக்கு வரவில்லை என்பதால் பழைய பாக்கியை உங்கள் சம்பளத்திலிருந்து கட்டச் சொல்லமாட்டேன். அது முதலாளியின் கடன். அதையும் ஒருமுறை அவரிடம் சொல்லிவிடுங்கள். சபையில் சிலருக்கு என் கருத்து பிடிக்காது.

வசனம் இருக்கட்டும். காலை வாட்ஸ்அப்பைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்; அந்தக் குழுவில் அன்றைய இலை விலையையும் லாரி வரும் நேரத்தையும் போடுங்கள். முதலாளி எதற்கும் இணங்காவிட்டால் நாளைக்கே வேலையை விடச் சொல்லும் அளவுக்கு நான் துணிச்சல்காரன் இல்லை. உங்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆனால் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். உங்கள் பாஸ்டரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். சபையில் எஸ்டேட்டிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள், ஆள் தேவைப்படும் இடம் அவர்களுக்குத் தெரியும்.