திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளி நாள்களில் நிறையப் படித்தவன். வேலைக்கு வந்தபின் விட்டுப்போயிற்று. மறுபடியும் வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று இணையத்திலிருந்தும் டெலிகிராம் குழுக்களிலிருந்தும் 600 நூல்களுக்குமேல் கைப்பேசியில் இறக்கி வைத்திருக்கிறேன். எல்லாம் இலவசம்தான். இந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனியில் வேலை குறைவு என்பதால், அந்த 61 நாளில் பத்து நூல்களையாவது முடித்துவிடலாம் என்று திட்டமிட்டேன். ஒன்றில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. விசைப்படகில் டிரைவராக இருக்கும் என் மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வாசிப்பதற்கென்றே விற்கும் கருவி ஒன்றை வாங்கினால் சரியாகுமா? திரையில் படிப்பது கண்ணுக்குக் கெடுதல் என்கிறார்களே? நாளொன்றுக்கு எத்தனை பக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது?

க., தங்கச்சிமடம்

அன்புள்ள க.,

இத்தளத்துக்கு வரும் கடிதங்கள் அனைத்துக்கும் என்னால் பதில் எழுத முடிவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், கிளை நூலகப் புத்தகங்களின் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பற்றிச் சில மாதங்களாகவே நான் யோசித்து வருகிறேன் என்பதுதான். நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் மூன்று கேள்விகளையும்விட உங்களுக்குத் தேவையானது அந்தத் தாளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கேள்விகளை முதலில் கழித்துவிடுகிறேன். கண்ணைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள் என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. நாளுக்கு எத்தனை பக்கம் என்பது கேள்வியே இல்லை. பக்கத்தை எண்ணிப் படிக்கிறவருடைய கண் பக்க எண்ணின்மேல்தான் இருக்கும். கணக்கு எழுதுவதை ஐஸ் கம்பெனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். கிண்டில் போன்ற கருவிகளின் திரை, கைப்பேசித் திரையைப் போலத் தானே ஒளிர்வதில்லை. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்விசையால் இடம் மாறி எழுத்தாக நிற்கின்றன. காகிதத்தைப் போலவே, அதன்மேல் விழும் வெளிச்சத்தில்தான் அதை நாம் பார்க்கிறோம். அதனால் பாம்பன் கடற்கரையில் உச்சிவெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும். நல்ல கருவிதான். ஆனால் அதை வாங்கிய மறுநாள் உங்கள் 600 நூல்களையும் அதற்குள் ஏற்றுவீர்கள், அவை இப்போது எங்கே கிடக்கின்றனவோ அதைவிடச் சௌகரியமாக அங்கே கிடக்கும்.

ஒன்றை மட்டும் உங்கள் சார்பில் சொல்ல வேண்டும். நீங்கள் இறக்கி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளாகத்தான் இருக்கும். அவை பக்கங்களின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரையைவிட்டு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஐம்பது பக்கம் படித்தவர் இருந்தால் அவருடைய பொறுமையை நான் வணங்குவேன். ஈபப் வடிவில் உள்ள நூலில் வரிகள் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தாமே மடங்கிக்கொள்ளும். 1998 பொங்கலன்று தொடங்கிய இலவச மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளில் இருந்துகொண்டு பழந்தமிழ் நூல்களை வரிவரியாகத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் வடிவமும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃபும் கிடைக்கும். ஸ்கேன் பிரதியை அரிய நூல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 600-க்கு வருகிறேன். அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதியிருக்கிறீர்கள், மறுக்காதீர்கள். ஐஸ் போட்டுவிட்டோம், இனிக் கெடாது என்ற நம்பிக்கையில் மீனை விற்காமலேயே வைத்திருக்கும் வியாபாரியை நீங்கள் நாள்தோறும் பார்ப்பவர் ஆயிற்றே.

இராமநாதபுரத்துக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு செய்தி உண்டு. சேதுபதி மரபில் வந்தவரும் பாலவநத்தம் ஜமீன்தாருமான பாண்டித்துரைத் தேவர், மதுரையில் ஒரு சொற்பொழிவுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் தேடியபோது, அத்தனை பெரிய ஊரில் அவை கிடைக்காமல் மனம் நொந்தார் என்றும், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவ அதுவே தூண்டுதலாயிற்று என்றும் சொல்வார்கள். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும் எழுந்தது. இதை மேடைகளில் சொல்பவர்கள், அன்று நூல் கிடைக்கவில்லை, இன்று விரல்நுனியில் கிடைக்கிறது, ஆகவே நாம் பாக்கியசாலிகள் என்று முடிப்பார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொன்று கண்ணில் படுகிறது. அவருக்கு வேண்டியவை இரண்டே நூல்கள். அவற்றைப் பார்த்தாக வேண்டிய நாளும் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. உங்களிடம் நூல் இருக்கிறது, நாள் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதை எளிதில் விடுவதாக இல்லை.

1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி ஊர்தோறும் கிளை நூலகம் திறக்க வழிசெய்த சட்டம் அது என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கிளை நூலகங்கள் நமக்குக் கொடுத்தவற்றில் மிகப் பெரியது புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அவை நமக்குக் கொடுத்தது, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயம். நூலகர் ரப்பர் முத்திரையை மையில் தொட்டு ஒரு தேதியைக் குத்தித் தருவார். அந்தத் தேதிக்குள் படித்தால் உண்டு, இல்லையென்றால் அபராதம் என்பதோடு போகாது. அந்தப் புத்தகத்துக்காக இன்னொருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணம் கூடவே வீட்டுக்கு வரும். நூலகத்துறைக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. இறக்கி வைத்த நூலை எவரும் திருப்பிக் கேட்பதில்லை. அது உங்களிடம் இருப்பதால் வேறொருவருக்கு இல்லாமல் போவதும் இல்லை. நாளைக்கும் இருக்கும், அடுத்த தடைக்காலத்துக்கும் இருக்கும். என்றைக்கும் இருக்கும் ஒன்றை இன்றைக்குப் படிக்க வேண்டிய தேவை மனிதனுக்கு வருவதே இல்லை, தம்பி.

நான் வளர்ந்தது மண்டபத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பிறகு, அங்கிருந்து படகுகளில் வந்து இராமேசுவரம் கரையில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த அதே முகாம்தான். அங்கே போகிறவர்கள் நின்ற இடத்தில் அங்கிருந்து வந்தவர்கள் நின்றார்கள். அப்படி வந்தவர்களில் யாழ்ப்பாணத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் கிளை நூலகத்தில் உறுப்பினராக அவரிடம் உள்ளூர் முகவரி இல்லை. அப்பா தம் அட்டையில் அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுப்பதும் திரும்ப வாங்கி வருவதும் என் வேலையாக இருந்தது, ஆனால் இரண்டாவது வேலை எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை, ஏனென்றால் கெடு முடிவதற்கு ஒருநாள் முன்பாகவே அவர் தாமே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். அப்பா நாவல் படிக்கிறவர் இல்லை. ஆனால் அவர் அளவுக்கு நாவல்களின் கதை தெரிந்தவர் அன்றைய மண்டபத்தில் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். நாளை மீன்சந்தைக்குப் போகிற வழியில் நானே வாங்கிக்கொள்கிறேனே, ஏன் வெயிலில் வருகிறீர்கள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். “வேற ஆளின்ர பேரில எடுத்த புத்தகம், தம்பி. நாளைக்கெண்டு வைக்கேலாது” என்றார்.

1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அந்த நூலகத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்தாம் பிறகு 2005-இல் நூலகம் என்ற பெயரிலேயே மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும், துண்டறிக்கைகளைக்கூட விடாமல், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றி வருகிறார்கள். பிடிஎஃபைச் சற்றுமுன் குறைகூறிய நானே சொல்கிறேன், அங்கே இருப்பவற்றை நாம் படமாகவேனும் பார்க்கக் கிடைப்பது பெரிது. அவற்றில் சில உங்கள் 600-க்குள் இருக்கக்கூடும். “எல்லாம் இலவசம்தான்” என்ற வரியை எழுதும்போது அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுவலி உங்களுக்குத் தோன்றவில்லையா?

அந்த வரியில் இன்னொரு குற்றமும் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உண்டு. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்து பொதுவுடைமையான நூல்கள் உண்டு. எழுதியவரே மனமுவந்து இலவசமாக விட்ட நூல்கள் உண்டு. இவை மூன்றும் இலவசம். டெலிகிராமில் வருவது, பெரும்பாலும், உயிரோடு இருக்கும் ஒருவர் பல ஆண்டுகள் எழுதியதை யாரோ திருடிப் பகிர்வது. படகிலிருந்து ஒரு பெட்டி இறாலைக் கேட்காமல் தூக்கிப்போனவனை உங்கள் மச்சான் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். அவற்றை அழித்துவிடுங்கள். இதில் பேச்சுக்கு இடமில்லை.

எஞ்சியவற்றைக் கைப்பேசியிலிருந்து எடுத்து ஒரு மெமரி கார்டில் போட்டு வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு நூலை மட்டும் கைப்பேசியில் வையுங்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் என்று இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறியுங்கள். அந்த நாளில், முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், நூல் கைப்பேசியிலிருந்து போய்விட வேண்டும். பாதியில் போகிறதே என்ற வருத்தம் வந்தால் அது நல்ல வருத்தம். நூலகத்தைப் போல ஒருமுறை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். இது என் மூளையில் உதித்த விசித்திரம் என்று எண்ண வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் சில நூல்களை ஒரு மணி நேரத்துக்கும், சிலவற்றைப் பதினான்கு நாளுக்கும் இரவல் தருகிறது. கெடு முடிந்ததும் நூல் தானாக மூடிக்கொள்ளும். மின்னூலுக்கு எதற்கு இரவல் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. பதிப்புரிமைக்காக அப்படி வைத்தார்கள். ஆனால் இரவல் எடுத்த நூலைத்தான் நான் முடிக்கிறேன் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

தேதி மட்டும் போதாது. தேதியை நீங்களே குறித்தால் நீங்களே தள்ளியும் வைப்பீர்கள். ஐஸ் கம்பெனியில் கடன் நோட்டு எழுதுகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியருக்கு அப்பா இருந்ததைப் போல, திருப்பிக் கொடுக்கும்போது கதை கேட்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த ஆள் இருக்கிறார், நீங்கள்தான் கவனிக்கவில்லை. சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார் என்றால், உங்கள் வாசிப்பை இந்த உலகத்தில் கவனிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று அர்த்தம். கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பி, மீனை இறக்கிவிட்டு, தூக்கம் வருவதற்குமுன் டீக்கடையில் உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் அவருக்கு ஒரு கதை கேட்கத் தெம்பு இருக்கும். கெடு நாளை அவரிடம் சொல்லிவையுங்கள். நூலைப் பரிந்துரைக்கச் சொல்லி எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்; முதல் நூல் எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பேய்க்கதை என்றாலும், சேதுபதிகளின் வரலாறு என்றாலும், டீசல் இன்ஜின் பழுதுபார்ப்பது என்றாலும் அதையே எடுங்கள். கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அன்புடன்