மேற்படிப்புக்குக் கிளம்பும் முன் அப்பாவின் மசேநி கடனை அடைக்கவா?

கேள்வி: எனக்கு 26 வயது. சிங்கப்பூர் ஈசூனில் பெற்றோருடன் இருக்கிறேன். ஆய்வுக்கூட வேலையில் மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம். மசேநி (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) போக 3,600 கைக்கு வரும். அம்மாவுக்கு 500 கொடுக்கிறேன். சேமிப்பு 18,000 வெள்ளி. அடுத்த ஆண்டு இறுதியில் உயிர்வேதியியல் பிஎச்டிக்கு எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணம். அதற்கு முன் லண்டனில் ஓராண்டு மாஸ்டர்ஸ் படிக்கலாமா என்ற யோசனையும் உண்டு. பட்டப்படிப்புக்கு அப்பாவின் மசேநியிலிருந்து எடுத்த கடனில் 9,000 பாக்கி. “அடைத்துவிட்டுக் கிளம்பு” என்கிறார் அப்பா. மாதம் 400 கட்டும் பத்தாண்டு சேமிப்புக் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார் ஒரு தோழி. எதை முதலில் செய்ய?

— ஈசூன் வாசகி

பதில்: காப்புறுதியை முதலில் ஒதுக்கிவிடுவோம். இன்னும் இரண்டே ஆண்டில் சம்பளம் நிற்கப்போகிறவர் பத்தாண்டுக்குத் தவணை கட்ட ஒப்புக்கொள்ளக் கூடாது. இத்தகைய திட்டங்களை ஆரம்ப ஆண்டுகளில் நிறுத்தினால், கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராது. தோழி கோபித்துக்கொண்டால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள், அது மலிவு.

அடுத்தது, லண்டனா அமெரிக்காவா என்பது. படிப்பு விஷயமாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் நிலையில் இது முழுக்கப் பண விஷயம். அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டிக்கு இளநிலைப் பட்டத்தோடே நேராக விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பொதுவாகக் கல்விக் கட்டணத்தையும் மாத உதவித்தொகையையும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். லண்டன் மாஸ்டர்ஸ் அப்படியல்ல. வெளிநாட்டு மாணவருக்கு அறிவியல் பாடத்தில் கட்டணமே 30,000 பவுண்டைச் சுற்றி வரும். அதற்குமேல் ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம், வாடகை, சாப்பாடு. விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் வங்கிக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மசேநி கல்விக் கடன் இதற்கெல்லாம் கிடைக்காது. அது உள்ளூரில் முழுநேர டிப்ளோமா, இளநிலைப் படிப்புகளுக்கு மட்டும்தான். 18,000 வெள்ளியை வைத்துக்கொண்டு லண்டனை நான் நினைக்கமாட்டேன். இங்குள்ள என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களின் ஆய்வு உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். அங்கே கட்டணமும் கட்டுப்படியாகும், விமானச் சீட்டும் வேண்டாம்.

சரி, அமெரிக்கா என்றே வைப்போம். செலவுகளை வரும் மாத வாரியாக எழுதிப் பாருங்கள். டிசம்பர் வாக்கில் விண்ணப்பம்: ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 100 அமெரிக்க டாலர், எட்டுக்கு 800. ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கேட்டால் இன்னொரு 220. பல துறைகள் இப்போது அதைக் கேட்பதேயில்லை, பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஆங்கிலவழியில் பட்டம் பெற்றவர்களுக்கு டோஃபல் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு தரும் இடங்களும் நிறைய. எப்படியும் 1,500 வெள்ளிக்குள் இந்தக் கட்டம் முடியும். இடம் கிடைத்தபின் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா 185 டாலர், அப்புறம் விமானம், வாடகை முன்பணம், முதல் மாத வாடகை. ஆகஸ்ட்டில் போய் இறங்கினால் முதல் உதவித்தொகை செப்டம்பர் கடைசியில்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்துக்கு 8,000 வெள்ளி தனியாக இருக்கட்டும்.

பலர் மறப்பது வருமான வரி. இங்கே போன ஆண்டுச் சம்பளத்துக்கு இந்த ஆண்டு வரி. உங்கள் சம்பளத்துக்கு மசேநிக் கழிவுகள் போக ஏறத்தாழ 700 வெள்ளி வரும். ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) தவணையாகக் கட்டினால் வேலையை விட்ட பிறகும் மாதாமாதம் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். கிளம்பும் ஆண்டில் சம்பாதித்ததற்கு மறுஆண்டு ஒரு சிறு பில்லும் வரும். ஆகவே இங்குள்ள வங்கிக் கணக்கைக் காலியாக்கிவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது அப்பாவின் கடன். அதற்கு ஓடும் வட்டி 2.5 விழுக்காடு. அவர் சொல்வது நியாயம்தான், ஆனால் இன்று 9,000 கட்டிவிட்டால் அந்தப் பணம் அவருடைய மசேநிக்குள் போய்விடும். ஆகஸ்ட்டில் உங்களுக்கு ரொக்கத் தட்டுப்பாடு வந்தால் திரும்ப எடுக்க முடியாது. மாதத் தவணையை நிறுத்தாமல் கட்டுங்கள். உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்ததும், மேலே சொன்ன 8,000 போக மிஞ்சுவதில் பெரும்பகுதியை அங்கே போடலாம். பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரும், அதனால் அவசரமில்லை. அந்தக் கடிதம் வருமுன் வேலையை விடவும் வேண்டாம்.

அதுவரை பணத்தைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதமின்றி விற்கலாம்; கட்டணம் 2 வெள்ளி. விற்ற பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் வரும் என்பதால், விண்ணப்பக் கட்டணத்துக்கான தொகையை நவம்பரிலேயே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: அம்மாவுக்குத் தரும் 500 வெள்ளி. அமெரிக்க மாணவர் விசாவில் பொதுவாக வளாகத்துக்கு வெளியே பகுதிநேர வேலை பார்க்க முடியாது. உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சுவதை வைத்து வீட்டுக்கு அனுப்புவதும் சிரமம். அண்ணன், தம்பி, தங்கை யாராவது சம்பாதிக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால் அடுத்த ஆண்டு முதலே பாதியை அவர்கள் ஏற்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் இப்போதே எண்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.