படத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?

கேள்வி: உலக வரைபடத்தை மாற்றச் சொல்கிறதாமே ஆப்பிரிக்க ஒன்றியம்? பசியும் பஞ்சமும் அப்படியே இருக்க, படத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது? – வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் ஒன்றியத்தின் பக்கம். பல வகுப்பறைகளில் இன்றும் தொங்குவது 1569ல் மெர்காட்டர் என்ற வரைபட வல்லுநர் கடலோடிகளுக்காக வகுத்த முறை. கப்பல் விட அருமையான படம். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும். புவியியல் வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுப்பேன். உலக உருண்டையில் கிரீன்லாந்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து, அதை ஆப்பிரிக்காவின் மேல் வைத்துப் பாருங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒன்றைக்கூட முழுசாக மூடாது! சுவர்ப் படத்திலோ, மொத்த ஆப்பிரிக்காவும் கிரீன்லாந்தும் ஏறக்குறைய ஒரே அளவு. உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. பரப்பைச் சரியாகக் காட்டும் ஈக்வல் எர்த் முறை 2018ல் வந்தது. அதற்கு மாறச் சொல்லும் பிரசாரத்தைத்தான் 2025 ஆகஸ்டில் ஒன்றியம் ஆதரித்தது.

சரி, அளவு திருந்தினால் போதுமா? போதாது. கென்யாவின் தலைநகர் நைரோபியில் இருக்கும் கிபேராவைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சி தன் படையில் இருந்த நூபியர்களை, அதாவது சூடான் பக்கத்து வீரர்களை, பட்டா கொடுக்காமலே குடியமர்த்திய இடம். பின்னால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் குடிசைப் பகுதியாகப் பெருகியும், வரைபடத்தில் வெற்றிடமாகவே கிடந்தது. தொண்டு நிறுவனங்கள் வந்து வந்து கணக்கெடுத்தன. எடுத்த தகவல் அந்த ஜனங்களின் கைக்குத் திரும்பவில்லை. 2009ல் மேப் கிபேரா என்ற முயற்சியில் அந்தப் பகுதி இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பறை, மருத்துவமனை என்று குறித்து யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். அப்புறம் பெண்களுக்கு ஆபத்தான இடங்களையும் குறித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வெளியூர் நிபுணர் கழிப்பறைக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி அங்கே தனியாகப் போகலாமா என்பது அங்கே குடியிருக்கிற பெண்ணுக்குத்தான் தெரியும்.

புகைப்படமும் இப்படித்தான். நன்கொடை கேட்டு வரும் தாளில் ஆப்பிரிக்க வரைபடம், கண்டம் முழுக்கச் சிவப்புச் சாயம், ஓரத்தில் பேரும் ஊரும் இல்லாத ஒரு குழந்தை. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. படத்தில் இருப்பவர்களின் கண்ணியத்தைக் காப்போம், அவர்கள் சம்மதத்தோடு வெளியிடுவோம் என்று ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2006லேயே நடத்தை விதி வகுத்துக்கொண்டது. அப்படி ஒரு தாள் உங்கள் வீட்டுக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டாரைக் கேட்டார்களா, வரைபடத்தைப் போட்டது யார் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் அனுப்பலாம்.