விருப்பமே இல்லாமல் போய்ப் பார்த்த விளையாட்டுப் போட்டி எது? பார்த்த பிறகு உங்கள் எண்ணம் மாறியதா?

ரக்பி. கண்டி நித்தவெல மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகம் ஆடிய ஒரு லீக் போட்டி. தங்கை மகன் கண்டியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "ஒரு தடவை வாருங்கள் பெரியம்மா, பிடிக்காவிட்டால் இடைவேளையில் எழுந்து வந்துவிடலாம்" என்று கெஞ்சியதால்தான் போனேன்.

என் தயக்கத்துக்குக் காரணம் அந்த ஆட்டத்தின் முரட்டுத்தனம் அல்ல. நான் டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ரக்பி என்றால் எங்களுக்குத் தோட்டத்தை நடத்தும் துரைமார் ஆட்டம். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிளப்பில் போட்டி என்றால் அப்பாவும் இன்னும் சில ஆட்களும் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிள்ளைகள் நாங்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நிற்போம். பந்து தேயிலைக்குள் விழுந்தால் கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலைக் கிழிக்கத் தேடி எடுத்து, வேலிக்கு மேலால் எறிவோம். அந்த நீள்வட்டப் பந்து எங்கள் கையில் இருந்ததெல்லாம் அவ்வளவு நேரம்தான். ஆட்டத்தின் விதி ஒன்றைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

இத்தனைக்கும் மலைநாட்டுக்கும் ரக்பிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கியது. 1891இல் கண்டி கிங்ஸ்வுட் கல்லூரி இந்த ஆட்டத்தைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. தரவளை, ரதல்ல என்று தேயிலைக்கு நடுவே இருக்கும் மைதானங்களில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ஆடினார்கள்.

நித்தவெலவில் அன்று தூறல். போட்டிகளில் முழங்கும் பப்பரே பாண்டு வாத்தியம் காதைத் துளைத்தது. முதல் கால் மணி நேரம் ஆள் மேல் ஆள் விழுவது தவிர எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. பிறகு தங்கை மகன் ஒரே ஒரு விதியைச் சொன்னான்: பந்தைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடலாம், காலால் முன்னே உதைக்கலாம், ஆனால் கையால் கொடுப்பதென்றால் முன்னால் கொடுக்க முடியாது. அதன் பிறகு கண் திறந்தது. முன்னேறிப் போகிறவன் தடுத்து வீழ்த்தப்படும் அந்த நொடியில், தன்னை நம்பிப் பின்னால் ஓடி வருகிறவனிடம் பந்தைச் சேர்த்துவிடுகிறான். 10ஆம் இலக்க வீரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பின்னால் விட, அது கைக்குக் கை மாறி மைதானத்தின் ஓரத்துக்குப் போய், அங்கே ஓடி வந்த ஒல்லியான பையன் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தான். ட்ரை, 5 புள்ளிகள். நானும் எழுந்து நின்றுதான் கைதட்டினேன்.

எங்களுக்கு நேர் எதிரே, இரு அணியும் பந்துக்காக முட்டித் தள்ளும் ஸ்க்ரம் ஒன்று நடந்தது. பக்கத்துக்கு 8 பேர், சேற்றில் புதைந்த லொறியைத் தள்ளுகிறவர்களைப் போலத் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். இரண்டு பக்கமும் மோதும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. நனைந்த தலைகளிலிருந்து ஆவி எழும்பியது. காதைச் சுற்றிப் பட்டி ஒட்டியிருந்த ஒருவர் எழும்போது எதிரணிக்காரரையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இன்னொன்றும் என்னைக் கவர்ந்தது. மலைபோல ஒரு வீரருக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். 10 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆகவே கேள்விக்குப் பதில்: ஆம், மாறியது. துரைமார் மீது இருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை ஆட்டத்தின் மேல் வைக்க வேண்டியதில்லை என்பது இப்போது தெளிவு. தினமும் மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பாடசாலைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்துக்கு வேண்டிய மூச்சும் காலும் தாராளமாக இருக்கின்றன. இல்லாதது சமதரையும் சொல்லிக்கொடுக்க ஆளும்தான். தோட்டப் பக்கத்தில் சமமான நிலம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வேலிக்குள் இருக்கிறது. அந்த வேலிகளை வார இறுதியிலாவது பாடசாலைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஆளை வீழ்த்தாமல் தொட்டு மட்டும் ஆடும் டச் ரக்பிக்குச் சிறிய இடம் போதும், ஆண் பெண் பிள்ளைகள் சேர்ந்தே ஆடலாம். நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பந்து வாங்கித் தரும்படி பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் வந்து பழக்குவதாகத் தங்கை மகன் சொல்லியிருக்கிறான்.