பூனைப் புக்க எங்க வைக்கிறது?

"சார், நான் லைப்ரரி சயின்ஸ் படிக்கிறேன். மெல்வில் டூயி பத்தி செமினார் எடுக்கணும். நூலகத்துறையோட தந்தைன்னா அவர்தானே? அவர் வாழ்க்கைல நாம கத்துக்க வேண்டியது என்ன? கூகுள் வந்த பிறகும் இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கா?"

தம்பி, எல்லாத்துக்கும் ஒரு தந்தைய பிடிச்சுட்டு வந்துடுறீங்கப்பா. டூயி 1876ல தசம வகைப்பாடு, அதாவது புக்குகள பாடவாரியா நம்பர் போட்டுப் பிரிக்கிற முறைய போட்டாரு, பெரிய வேலைதான், ஆனா யூதர்கள ஒதுக்கினதுக்கும் பொம்பளைங்ககிட்ட நடந்துகிட்ட விதத்துக்கும் 2019ல அமெரிக்க நூலகச் சங்கமே அவர் பேர்ல குடுத்துட்டு இருந்த மெடல்ல இருந்து அவர் பேர தூக்க முடிவு பண்ணுச்சு. அதையும் செமினார்ல சொல்லு, முழுங்கிடாத.

நான் கொஞ்ச நாளா நினைச்சுட்டு இருக்கறது வேற ஆள. சார்லஸ் அம்மி கட்டர். 1837ல பாஸ்டன்ல பிறந்தவர், ஹார்வர்டுல பாதிரியாருக்குப் படிச்சுட்டு அங்கயே லைப்ரரில கார்டு கேட்டலாக், அதாவது புக்கு விவரத்த கார்டுல எழுதி அடுக்குற பட்டியல், அந்த வேலைக்குப் போயிட்டாரு. அப்புறம் பாஸ்டன் அதீனியம்ங்கற லைப்ரரில 1893 வரைக்கும் இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கிட்ட, அஞ்சு வால்யூம் கேட்டலாக். டூயி புக் போட்ட அதே 1876லதான் இவரும் கேட்டலாக் விதிகள வெளியிட்டாரு.

அதுல ஒரு விதி. பூனை பத்தி ஒரு புக் வந்தா அத 'பூனை'ன்னு போடு, விலங்கியல்னு போடாத, பாலூட்டின்னு போடாத, வீட்டு விலங்குன்னும் போடாத. அவரே கொடுத்த உதாரணம் இது. இதுல என்ன பெருசுன்னு தோணுதுல்ல? நான் காலேஜ் படிக்கும்போது தேனீ வளர்ப்பு பத்தி புக் தேடினேன், தேனீன்னு கார்டே கிடையாது, லைப்ரரியன் தலைய தூக்காமலே "இல்ல"ன்னுட்டாரு, கடைசில பார்த்தா விவசாயம்னு ஒரு தடிக் கட்டு, அதுக்குள்ள நடுவுல கிடக்கு. விவசாயம்னு போடுறது கார்டு எழுதுறவனுக்கு சுலபம், தேடி வர்றவன் தேனீன்னுதானே கேப்பான்? கேட்டலாக் போடுறவரோட சுலபத்த விட ஜனங்களோட வசதிதான் முதல்லன்னு கட்டர் எழுதியே வச்சிருக்காரு. எத்தன லைப்ரரில இத மதிக்கிறாங்க சொல்லு? ஆன்லைன் கேட்டலாக்னு வச்சிருக்காங்க, ஆசிரியர் இனிஷியல் ஒரு எழுத்து மாறினா 'முடிவுகள் இல்லை'ன்னு வருது!

1894ல நார்த்தாம்ப்டன்ல ஃபோர்ப்ஸ் லைப்ரரிக்குப் போனாரு, 1903ல இறக்கும்போது அவரோட விரிவு வகைப்பாட்டுல, அதாவது லைப்ரரி பெருசாக பெருசாக விரிச்சுக்கற மாதிரி படிப்படியா போட்ட முறைல, ஏழாவது விரிவு முடியல. ஆனா அமெரிக்க நாடாளுமன்றத்தோட காங்கிரஸ் லைப்ரரி வகைப்பாடு அத அடிப்படையா வச்சு எழும்பினதுதான். உன் காலேஜ் புக்குங்க முதுகுல எழுத்தும் நம்பருமா ஒட்டியிருந்தா, அதுல கட்டர் நம்பர், அதாவது ஆசிரியர் பேர எழுத்தும் நம்பருமா சுருக்கினது, இருக்கான்னு பாரு.

கூகுள் பத்தி இன்னொரு நாள் பேசுவோம். கட்டரோட விதிகள் புக் நெட்ல இலவசமாவே கிடைக்குது, மொதல்ல அத படி. விக்கிபீடியாவ ஸ்லைடுல ஒட்டிட்டு எனக்கு அனுப்பின, திட்டுதான் விழும்.