ஊர்வலத்துக்கு அப்புறம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிய அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். 1913இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களைக் கடைசியில் வரச்சொன்னார்கள், வெல்ஸ் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நின்று, தன் மாநிலமான இல்லினாய்ஸின் அணி வந்ததும் உள்ளே புகுந்து நடந்தார் என்றீர்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிறகு தேடிப் படித்ததில் ஏமாற்றம்தான். அதே பெண் சிகாகோவில் வார்டு தேர்தலுக்கு ஆள் திரட்டியிருக்கிறார், அதுவும் ஓர் ஆண் வேட்பாளருக்காக. கட்சிக்காரர்களிடம் பேரம் வேறு. போராளி கடைசியில் கட்சித் தொண்டராகிவிட்டாரே?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

அந்த ஊர்வலம் ஒரு பிற்பகல் வேலை. வார்டு வேலை வருடக்கணக்கில் நடந்தது. உரையில் முதலாவதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். 1909இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் கெய்ரோ என்ற ஊரில் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பின இளைஞரைக் கும்பல் ஒன்று பிடித்துக் கொன்றது. ஷெரிஃபின், அதாவது மாவட்டக் காவல் தலைவரின், காவலில் இருந்தவர். கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்தால் ஷெரிஃப் பதவியிழக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் 1905இலேயே சட்டம் இருந்தது. பதவி போன ஷெரிஃப் திரும்பக் கேட்டு ஆளுநரிடம் மனுப் போட்டார். வெல்ஸ் நேரே கெய்ரோவுக்குப் போய் நடந்ததை விசாரித்து, ஆளுநர் முன்னால் வாதாடினார். மனு தள்ளுபடியானது.

இதில் அவர் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் எப்படி வந்தது? எட்வர்டு கிரீன் என்ற கறுப்பின உறுப்பினர் சட்டமன்றத்தில் இருந்ததால் வந்தது. அவர் எப்படி உள்ளே போனார்? ஓட்டால். மறுவருடமே வெல்ஸ், ஓட்டுரிமை எப்படிக் கும்பல் கொலைகளை நிறுத்தும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1892இல் மெம்ஃபிஸில் நண்பர் தாமஸ் மாஸைக் கும்பல் கொன்றதிலிருந்து இந்தக் கொலைகளை எதிர்த்தே எழுதிக்கொண்டிருந்தவர். அவருக்கு ஓட்டு என்பது உயிர்ப் பிரச்சினை.

இனி வார்டு வேலைக்காக அவர் தொடங்கிய பெண்கள் கிளப்புக்கு வருவோம். கிளப் என்றதும் நமக்கு டீ, பிஸ்கட், நன்றியுரை என்று ஒரு சித்திரம் வரும். சிகாகோவில் 1913 ஜனவரியில் தொடங்கிய ஆல்ஃபா சஃப்ரேஜ் (ஓட்டுரிமை) கிளப் வேறு ரகம். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் கூடவே துணை நின்றார்கள், பெல் ஸ்கொயர், வர்ஜீனியா புரூக்ஸ். வாஷிங்டன் ஊர்வலத்தில் வெல்ஸுக்கு இரண்டு பக்கமும் நடந்தவர்களும் இவர்கள்தான்.

அந்த ஜூனிலேயே இல்லினாய்ஸ் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது, அதுவும் அரைகுறையாக. ஜனாதிபதி தேர்தலிலும் நகரசபைத் தேர்தலிலும் போடலாம். ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் போட முடியாது. அதனால் பெண்களுக்குத் தனி ஓட்டுச்சீட்டு. சரி, கிடைத்தது நகரசபைதானே, அங்கேயே ஆரம்பிப்போம் என்று இறங்கினார் வெல்ஸ். கறுப்பின மக்கள் நிறைந்த இரண்டாவது வார்டில் கிளப் பெண்கள் தெருத்தெருவாகப் போய், பெண்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் பதியச் சொன்னார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்காமல் ஆம்பிளை வேலைக்கு வந்துவிட்டீர்களா என்று ஆண்கள் கேலி செய்தார்கள். பெண்கள் மனம் உடைந்து திரும்பினார்கள். திரும்பவும் போங்கள், கறுப்பினத்தவர் ஒருவரை நகரசபைக்கு அனுப்பத்தான் பதிகிறோம் என்று சொல்லுங்கள் என்றார் வெல்ஸ். ஆண் வேட்பாளர் என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அதற்கான பதில் இங்கேயே இருக்கிறது. அவர்கள் கையில் இருந்த அரை ஓட்டைக் கொண்டு எட்டக்கூடிய நாற்காலி அது ஒன்றுதான். அதில் அதுவரை கறுப்பினத்தவர் யாரும் உட்கார்ந்ததில்லை.

1914 தொடக்கத்தில், அந்த நாற்காலிக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். குடியரசுக் கட்சி மேலிடத்தின் ஆளை எதிர்த்து வில்லியம் கோவன் நின்றார், கிளப் ஆதரவோடு. சில நூறு ஓட்டில் தோற்றார். எனக்குப் பிடித்த காட்சி இதற்கு அப்புறம் வருகிறது. ஜெயித்த மேலிடத்தின் ஆட்கள் இரண்டு பேர் கிளப் கூட்டத்துக்கே வந்தார்கள். கோவனைச் சுயேச்சையாக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த வாய்ப்பு கறுப்பின வேட்பாளருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதுவரை அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்க்காத கட்சி, படியேறி வந்து நிற்கிறது! வந்த இருவரில் ஒருவரான ஆஸ்கர் டி பிரீஸ்டே 1915இல் சிகாகோவின் முதல் கறுப்பின நகரசபை உறுப்பினரானார். அதே மனிதர் 1928இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கும் தேர்வானார்.

நீங்கள் பேரம் என்றது இதைத்தான். பேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்சி மேலிடம் சொன்னதற்கெல்லாம் வெல்ஸ் தலையாட்டவில்லை. 1915 மேயர் போட்டியில் வில்லியம் தாம்சனை விட்டுவிட்டு நீதிபதி ஹாரி ஓல்சன் பக்கம் போனார். தாம்சன் ஜெயித்தார். வெல்ஸ் பார்த்துவந்த நன்னடத்தை அதிகாரி வேலை, சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் வேலை, போயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் இளைஞர்களுக்காக ஒரு வாசிப்பறையும் தங்குமிடமும் நடத்திவந்தார். டி பிரீஸ்டோடும் உறவு பிறகு கசந்துபோனது.

1930இல், 67 வயதில், மேலிடத்தின் ஆதரவு இல்லாமல் மாநில செனட்டுக்குத் தானே நின்றார். மோசமான தோல்வி. எதிர்பார்த்த அளவுக்குப் பெண்களே தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று அவருக்கு வருத்தம். மறுவருடம் மார்ச்சில் காலமானார்.